ட்ரிம் கோட்டைக்கு ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

அயர்லாந்துக்கு வந்து கொஞ்ச நாளானவர்கள் ‘ஒரு பழைய கோட்டை பார்க்கணும், எங்கே போகலாம்’ என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது ட்ரிம். இந்த நாட்டில் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. பேருந்தில் போகும்போதே மாடு மேயும் வயலுக்கு நடுவில் ஒற்றைச் சுவர் ஒன்று கொடி படர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோட்டை என்பதையே முதல்முறை பார்க்கிறவருக்கு அந்த ஒற்றைச் சுவரிலிருந்து ஒன்றும் பிடிபடாது. ட்ரிமில் அப்படியில்லை. மதில், இரண்டு வாயில்கள், அகழி ஓடிய பள்ளம், நடுவில் பிரம்மாண்டமான ஒரு கட்டடம், ஆற்றங்கரையில் இடிந்த மண்டபம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இங்கே ஒரு நாள் செலவழித்தால், அப்புறம் எந்த ஊரில் எந்த இடிபாட்டைப் பார்த்தாலும் எது என்னவென்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

நான் முதல்முறை போனபோது சாயங்காலம் நாலு மணியை நெருங்கிவிட்டது. அன்றைய கடைசிச் சுற்று கிளம்பிப் போயிருந்தது. புல்வெளியில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதன் பிறகு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். எந்த வரிசையில் பார்த்தால் அந்த இடம் மனதில் நிற்கிறது என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. முக்கியமாக ஒன்று சொல்கிறேன்: உள்ளே நுழைவதற்கு முன்னால் வெளியே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கோட்டையை வெளியே நிற்பவன் பார்க்க வேண்டும், பார்த்துப் பயப்பட வேண்டும் என்றுதான் கட்டினார்கள். அதனால் அதை வெளியிலிருந்து பார்த்தால்தான் முதலில் புரியும்.

கிளம்புவதற்கு முன்

இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவின் வேறு நாட்டிலிருந்தோ சுற்றுலாவாக வருகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை. பாரிஸுக்கும் ரோமுக்கும் வாங்கிய ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தனியாக அயர்லாந்து விசா வேண்டும். பிரிட்டன் விசாவில் இரு நாட்டுக் கூட்டுத் திட்டத்துக்கான ‘பிஐவிஎஸ்’ குறிப்பு இருந்தால் அதை வைத்தே வரலாம், ஆனால் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டு இங்கே வர வேண்டும்.

கோட்டை அயர்லாந்து அரசின் பொதுப்பணி அலுவலகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. வசந்தகாலத்திலிருந்து இலையுதிர்காலம்வரை தினமும் திறந்திருக்கும். குளிர்காலத்தில் வார இறுதியில் மட்டும்தான். கட்டணமும் நேரமும் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு ‘ஹெரிடேஜ் அயர்லாந்து’ தளத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். முன்பதிவு கொடுத்திருந்தால் அப்போதே செய்துவிடுவது நல்லது. கோடை வார இறுதிகளில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு வருஷத்தில் இதுபோல நாலைந்து இடமாவது பார்க்கும் எண்ணமிருந்தால் ‘ஹெரிடேஜ் கார்டு’ வாங்கிக்கொள்ளுங்கள். இது ஒரு வருஷம் செல்லும். அரசுப் பராமரிப்பில் உள்ள, கட்டணம் வாங்கும் பெரும்பாலான நினைவுச் சின்னங்களுக்கு அந்த ஒரு அட்டையே போதும்.

எந்த மாதம் போகலாம்? என்னைக் கேட்டால் மே அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், ஆனால் கூட்டமும் இருக்கும். டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

உடுப்பு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. கீழே புல்வெளியில் வெயில் அடிக்கும்போதே மேல்தளத்தில் காற்று ஆளைத் தள்ளும். குடையை விட்டுவிடுங்கள், அந்தக் காற்றுக்கு நிற்காது. தலையை மூடும் மழைச்சட்டை ஒன்று போதும். காலில் பிடிப்புள்ள அடி கொண்ட ஷூ கட்டாயம் வேண்டும். ஈரமான சுண்ணாம்புக்கல் படி எண்ணெய் தடவியது போல வழுக்கும். புடவை, நீளமான பாவாடையோடு வந்தவர்கள் சுழல்படியில் ஒரு கையால் துணியையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். பேன்ட் போட்டுக்கொண்டு வருவது நல்லது.

போய்ச் சேர்வது

ட்ரிம், மீத் கவுண்டியில் இருக்கிறது. டப்ளினுக்கு வடமேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ரயில் கிடையாது. டப்ளினிலிருந்து பஸ் ஏரான் நிறுவனத்தின் 111-ஆம் எண் பேருந்து போகிறது. போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் கூடுதலோ ஆகும். பேருந்துக்கும் ரயிலுக்கும் முன்கூட்டியே பணம் போட்டு வைத்துக்கொள்ளும் அட்டையான லீப் கார்டு இருந்தால் அதையே தட்டிக்கொள்ளலாம். காலையில் போகும்போதே திரும்பி வரும் பேருந்துகளின் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு.

காரில் போனால் எம்3 நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போய், ஆர்154 சாலையைப் பிடித்தால் நேரே ஊருக்குள் கொண்டுவிடும். கோட்டைக்குப் பக்கத்திலேயே காசு கட்டி வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. 

முதலில் சீட்டு, அப்புறம் சுற்று

வந்ததும் நேராகச் சீட்டுத் தரும் இடத்துக்குப் போங்கள். மதிலுக்குள் இருக்கும் புல்வெளியில் நாமாகச் சுற்றிப் பார்க்கலாம். நடுவில் தனியாக நிற்கும் பெரிய கட்டடத்தை இங்கே ‘கீப்’ என்பார்கள். அதற்குள் வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும். அந்தச் சுற்று முக்கால் மணி நேரம் நடக்கும், ஒரு தடவைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஆட்களைச் சேர்ப்பார்கள். ஆகவே ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பும் சுற்றுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் பாதி.

படி ஏற முடியாதவர்கள், உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் கீப் சுற்றைத் தவிர்ப்பது நல்லது. படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. ஆனால் அதற்காக ட்ரிமுக்கே வராமல் இருந்துவிடாதீர்கள். மதிலைச் சுற்றியும் ஆற்றங்கரையிலும் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. என்னோடு வந்த வயதான ஒருவர் கீப்புக்குள் வராமல் ஆற்றங்கரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று அதிகம் ரசித்தது அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஆற்றின் மறுகரையிலிருந்து

கோட்டையின் வடபுறம் பாய்ன் ஆறு ஓடுகிறது. நடந்து கடக்க ஒரு சிறு பாலம் உண்டு. அதில் மறுகரைக்குப் போய்த் திரும்பி நில்லுங்கள். ஊர் ஏன் இங்கே வந்தது, கோட்டை ஏன் இங்கே வந்தது என்ற இரண்டுக்கும் பதில் அந்த இடத்தில் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் இந்த ஊரின் பெயர் பாலியா ஆஹா ட்ரிம். எல்டர் மரங்கள் நிற்கும் ஆற்றுத்துறையின் ஊர் என்று அர்த்தம். ஆழம் குறைந்து, ஆளும் மாடும் இறங்கிக் கடக்கிற இடத்தைத்தான் துறை என்கிறோம். அந்தத் துறை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் சுற்றுவட்டாரம் முழுவதும் இருக்கும்.

1172-ல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி மீத் முழுவதையும் ஹியூ டி லேசி என்ற பிரபுவுக்குக் கொடுத்தார். பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்து ஆண்ட நார்மன் வம்சத்தவர் அவர். அயர்லாந்துக்குள் நார்மன்கள் புகுந்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. டி லேசி இந்தத் துறையருகே, மண்மேடு எழுப்பி மரவேலி அடித்து, அவசர அவசரமாக ஒரு கோட்டை போட்டார். அயர்லாந்தின் பேரரசர் ரோரி ஓ’கானர் இரண்டே வருஷத்துக்குள் படையோடு வந்து அதை எரித்துவிட்டார். அதன் பிறகுதான் கல்லில் வேலை தொடங்கியது. தகப்பன் தொடங்கியதை மகன் வால்டர் முடித்தார். ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது.

இப்போது கோட்டையைப் பாருங்கள். கீப்பின் வடிவம்தான் ட்ரிமின் தனித்தன்மை. நடுவில் சதுரமான பெரிய கட்டடம். அதன் நாலு பக்கத்திலும் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னச் சதுரக் கோபுரம். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். வெளிச்சுவரின் முகங்களை எண்ணினால் 20 வரும். நாலு கோபுரங்களில் வடக்குக் கோபுரம் விழுந்துவிட்டது, மற்ற மூன்றும் நிற்கின்றன. நீங்கள் நிற்கும் கரையிலிருந்து பார்க்கும்போது அந்த விழுந்த இடம் உங்களைப் பார்த்தபடிதான் இருக்கும்.

போர் என்று பார்த்தால் இவ்வளவு மூலைகள் வைத்துக் கட்டுவது புத்திசாலித்தனம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மூலையும் எதிரி கடப்பாரை வைக்க ஒரு இடம். மூலைகளின் மறைவில் நிற்பவனை மேலிருந்து பார்ப்பதும் கடினம். பின்னே ஏன் இப்படிக் கட்டினார்கள்? பார்க்கிறவனை மிரட்ட என்றுதான் நான் நினைக்கிறேன். மரமும் மண்ணுமாக வீடு கட்டி வாழ்ந்த ஊரில், ஆற்றைக் கடக்க வருகிறவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லாலான ஒரு மூலை தெரிய வேண்டும். ‘இனி நாங்கள் இங்கேதான்’ என்று வாய்திறக்காமல் சொல்லும் கட்டடம் அது. மறுகரையில் ஐந்து நிமிடம் நின்றால் அது உங்களுக்கும் உறைக்கும்.

அதே கரையில் உங்களுக்குப் பின்னால் உயரமாக, பாதி பிளந்தது போல நிற்பது மஞ்சள் மணிக்கோபுரம். அகஸ்தீனிய சபையின் புனித மரியாள் மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாயங்கால வெயில் பட்டால் கல் மஞ்சளாக மினுங்கும், பெயரே அதனால் வந்ததுதான். பக்கத்திலேயே ‘ஆட்டு வாயில்’ என்ற சின்ன வளைவு இருக்கிறது. ஊர் மதிலின் வாயில்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒட்டி நிற்கும் டால்பட் கோட்டை தனியார் வீடு. வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மதிலை ஒட்டி

பாலத்தைக் கடந்து திரும்பி வந்து, மதிலின் வெளிப்பக்கமாகத் தெற்கே நடந்து போங்கள். தெற்குப் பக்கத்தில் மதிலிலிருந்து அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்களைப் பார்ப்பீர்கள். அவற்றில் மேலிருந்து கீழாக ஒல்லியான பிளவுகள் இருக்கும். அம்பு விடுவதற்கான துளைகள். நம் பழைய தமிழில் இதற்கு ‘ஏப்புழை’ என்று ஒரு சொல் உண்டு. வெளியே விரலளவுக்குத் தெரியும் பிளவு உட்புறம் அகன்று விரியும். உள்ளே நிற்பவன் இடம் வலமாக நகர்ந்து குறிபார்க்கலாம், வெளியே இருப்பவனுக்குத் திருப்பி அடிக்கக் கிடைப்பது அந்த விரலளவு இடைவெளிதான்.

ஒரு கொத்தளத்துக்குக் கீழே நின்று அடுத்ததைப் பாருங்கள். அதிலிருந்து விடும் அம்பு நீங்கள் நிற்கும் சுவரை ஒட்டியே வரும். மதிலில் ஏணி சாத்துகிறவனைப் பக்கவாட்டில் அடிப்பதற்காகத்தான் கொத்தளம் முன்னே தள்ளியிருக்கிறது. இதை எத்தனை படம் பார்த்தாலும் புரியாது. அந்த இடத்தில் நின்றால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

தெற்கே இன்னும் போனால் டப்ளின் வாயில். வட்டமான ஒற்றைக் கோபுரம், அதற்கு முன்னால் அகழியைத் தாண்டிய ஒரு சின்ன முன்கோபுரம், இரண்டுக்கும் நடுவே குறுகலான பாதை. பின்கதவையும் முன்கதவையும் ஒருசேர அடைத்துவிட்டால், வந்தவன் நடுவில் மாட்டிக்கொள்வான். அயர்லாந்தில் இந்த வகை வாயிலுக்கு இதுபோல நல்ல நிலையில் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. பெரும்பாலானவர்கள் கீப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால் இந்தப் பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

உள்ளே

நுழைவது மேற்கே ஊர்ப்பக்கம் உள்ள ட்ரிம் வாயில் வழியாக. உடனே கடந்து போய்விடாமல், வளைவுக்கு அடியில் நின்று இரண்டு பக்கச் சுவர்களையும் தடவிப் பாருங்கள். கல்லில் செங்குத்தாக ஒரு பள்ளக்கோடு ஓடும். மேலிருந்து சரேலென்று இறக்கும் சட்டக்கதவு ஓடிய தடம் அது. தலையைத் தூக்கினால் கூரையில் திறப்பு தெரியும். அதை ‘கொலைத்துளை’ என்கிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவன் தலையில் கல்லோ வேறு எதுவோ விழும் வழி.

மதிலுக்குள் இருக்கும் இடம் மொத்தம் மூன்று ஹெக்டேர், அதாவது ஏழரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அயர்லாந்தில் நார்மன்கள் கட்டியவற்றில் இதைவிடப் பெரியது இல்லை. இன்றைக்குப் புல்லாகத் தெரியும் இடமெல்லாம் அன்று குதிரை லாயம், அடுப்படி, பட்டறை என்று நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்கும். வடக்கே ஆற்றையொட்டிப் பெரிய மண்டபத்தின் மிச்சம் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெஃப்ரி டி ஜெனவில் கட்டியது. வால்டர் டி லேசியின் பேத்தியைக் கல்யாணம் செய்துகொண்டதால் கோட்டை அவர் கைக்கு வந்தது. வயதான காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தானே ட்ரிமில் கட்டிக்கொடுத்த டொமினிக்கன் மடத்திலேயே துறவியாகச் சேர்ந்துவிட்டார். மண்டபத்துக்குக் கீழே ஆற்றுப் பக்கம் ஒரு வாயில் இருக்கிறது. படகில் வரும் சாமான்களை அதன் வழியாகத்தான் இறக்கினார்கள்.

1971-லிருந்து 1974 வரை கீப்புக்குத் தெற்கே அகழ்ந்தபோது தலையில்லாத பத்து ஆண்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. திருடர்களின் தலையை வெட்டி ஈட்டியில் குத்தி வைக்கும்படி 1465-ல் ஒரு சட்டம் வந்தது. அப்படித் தண்டிக்கப்பட்டவர்களாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். பிள்ளைகள் விளையாடும் புல்வெளிதான் அது. அங்கே நான் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன்.

கீப்புக்குள்

உங்கள் சுற்று கிளம்பும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து நில்லுங்கள். கழிப்பறைக்குப் போகவேண்டியவர்கள் முன்பே போய் வந்துவிடுங்கள்.

வழிகாட்டிகள் நன்றாகப் பேசுகிறவர்கள். அவர்களின் ஆங்கில உச்சரிப்பு நம் காதுக்கு முதலில் பிடிபடாது, முன்வரிசையில் நின்றுகொண்டால் சிரமமில்லை. புரியாததைத் திரும்பக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சொல்வதில் அவர்களுக்கு அவ்வளவு இஷ்டம்.

உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தால் தளங்கள் எதுவும் இல்லாத வெறும் உயரம்தான் தெரியும். எந்த இடிபாட்டையும் இங்கே படிக்கக் கற்றுக்கொள்ளலாம். சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாகக் குழிகள் இருந்தால், அங்கே உத்தரங்கள் செருகியிருந்தார்கள், அதன்மேல் மரத்தளம் இருந்தது என்று பொருள். எட்டாத உயரத்தில் அந்தரத்தில் ஒரு கணப்படுப்பு தெரிகிறதா? அதற்கு முன்னால் ஒரு தரை இருந்தது, அங்கே உட்கார்ந்து ஒரு குடும்பம் குளிர்காய்ந்தது. மரமெல்லாம் மக்கிப்போய்விட, குழியும் அடுப்பும் கதவு நிலையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இந்தச் சூட்சுமம் தெரிந்துவிட்டால் வெறுஞ்சுவர் வீடாகத் தெரிய ஆரம்பிக்கும்.

குழிகளில் இன்னொரு வகையும் உண்டு. வெளிச்சுவரில், சதுரமாக, ஒரு கை நுழையும் அளவில், இடைவெளி விட்டு விட்டு இருக்கும். பலர் புறாக்கூடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டும்போது சாரம் கட்டக் கட்டைகளைச் செருகிய துளைகள் அவை. வேலை முடிந்ததும் கட்டையை உருவினார்கள், உருவ வராததை அறுத்துவிட்டார்கள். அறுபட்ட துண்டுகளில் சில சுவருக்குள்ளேயே எண்ணூறு வருஷம் கிடந்தன. ஓக் மரத்தில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் அகலமாகவும் காய்ந்த வருஷத்தில் ஒல்லியாகவும் இருக்கும். அந்த வரிசையை ஒப்பிட்டுப் பார்த்து, மரம் எந்த வருஷம் வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். கீப் ஒரே மூச்சில் எழவில்லை, 1170-களில் ஒரு பகுதி, 1190-களில் ஒரு பகுதி, 1200-க்குப் பிறகு மீதி என்று மூன்று கட்டமாக எழுந்தது என்பது இப்படித்தான் உறுதியானது. கொத்தனார் பெயர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஏறி நின்ற சாரத்தின் துண்டு கிடைத்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்தக் கோட்டையில் பார்க்கவேண்டிய மிகப் பெரிய விஷயம் அந்தச் சின்னத் துளைதான். வழிகாட்டி காட்டாமல் போனால் நீங்களே கேளுங்கள்.

இந்த மூன்று கட்டங்களுக்கு நடுவே டி லேசியின் சாவும் வந்துவிட்டது. 1186-ல் டரோ என்ற இடத்தில், பழைய மடம் இருந்த மண்ணில், இன்னொரு கோட்டை கட்டும் வேலையைப் பார்வையிடக் குனிந்தபோது, ஒரு ஐரிஷ் இளைஞன் மறைத்து வைத்திருந்த கோடரியால் வெட்டிவிட்டான். தன் பெரிய கட்டடம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

சுவரின் கனம் மூன்று மீட்டருக்கும் மேல். ஜன்னல் குழிக்குள் ஆளே நடந்து போகலாம். அதன் ஓரத்தில் சின்ன அறை ஒன்று, தரையில் ஒரு துவாரம், அதுதான் அந்தக் காலத்துக் கழிப்பறை. மேலாடைகளை அங்கேதான் தொங்கவிட்டார்கள், அந்த நெடிக்குப் பூச்சி அண்டாது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சுழல்படியில் ஏறும்போது இன்னொன்றும் சொல்வார்கள்: படி வலப்பக்கமாகச் சுழல்வதால், ஏறி வருகிறவனின் வாள்கை நடுத்தூணில் இடிக்கும், மேலிருந்து காப்பவனுக்குக் கை வீச இடமிருக்கும் என்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்காகத்தான் அப்படிக் கட்டினார்கள் என்பதை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது படியின் உள்முனை ஒரு சாண்கூட இருக்காது என்பதைத்தான். சுவரோரமாக, அகலமான பக்கத்தில் கால் வைத்து, கயிற்றை விடாமல் ஏறுங்கள். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நாலு படி இடைவெளி இருக்கட்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், அவசரமே வேண்டாம்.

மேலே போனதும் காற்று முகத்தில் அறையும். தொப்பியையும் கைபேசியையும் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே ஆறு, துறை, மணிக்கோபுரம், சுற்றிலும் தட்டையான பசும்நிலம் என்று எல்லாம் விரிந்து கிடக்கும். 1210-ல் ஜான் அரசர் டி லேசிகளை அடக்கப் படையோடு வந்தபோது கோட்டைக்குள் தங்காமல் வெளியே புல்வெளியிலேயே கூடாரம் போட்டார். ஆனாலும் பல காலம் இதை ஜான் அரசர் கோட்டை என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். 1399-ல் இரண்டாம் ரிச்சர்ட் அரசர் தன் எதிரியின் மகனான ஒரு சிறுவனை இங்கே காவலில் விட்டுவிட்டு இங்கிலாந்து திரும்பினார். அங்கே அரியணை அந்தச் சிறுவனின் தகப்பனிடம் போனது. சிறுவன் பின்னாளில் ஐந்தாம் ஹென்றி ஆனான். இந்த மேல்தளத்திலிருந்து அதே ஆற்றைப் பார்த்துக்கொண்டு அவனும் நின்றிருக்கக் கூடும்.

செய்யக் கூடாதவை

சுவர்மேல் ஏறாதீர்கள். கல்லைக் கல்லோடு பிடித்து வைத்திருப்பது பழைய சுண்ணாம்புக் காரை. பார்க்க உறுதியாக இருக்கும், ஓரக்கல்லில் கால் வைத்தால் கல்லோடு கீழே வருவோம். ஒரு சின்னத் துண்டைக்கூட நினைவுக்கு என்று எடுத்துப்போக வேண்டாம். மெட்டல் டிடெக்டர் கொண்டுவருவது அயர்லாந்தில் இதுபோன்ற இடங்களில் உரிமம் இல்லாமல் சட்டவிரோதம். ட்ரோன் பறக்கவிட அனுமதி வாங்க வேண்டும். வேறு ஊர்களில் வயலுக்கு நடுவில் நிற்கும் கோட்டைகளுக்குப் போகும்போது, நிலம் பெரும்பாலும் ஒரு விவசாயியுடையது. கேட்டுவிட்டுப் போங்கள், கேட் மூடியிருந்தால் போன பிறகும் மூடுங்கள். காளை இருக்கிறது என்று பலகை வைத்திருந்தால் நிஜமாகவே காளை இருக்கும்.

நேரம் இருந்தால் நியூடவுன் வரை

கோட்டையோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆற்றங்கரையோடு கிழக்கே ‘போர்ச்ஃபீல்ட்ஸ்’ என்ற புல்வெளி வழியாக ஒரு பாதை போகிறது. இடைக்காலத்தில் ஊர்க்காரர்கள் உழுத நிலம் அது. நிதானமாக நடந்தால் அரை மணியில் நியூடவுன். 1206-ல் சைமன் டி ரோச்ஃபோர்ட் என்ற பிஷப் தொடங்கிய பெரிய தேவாலயத்தின் இடிபாடு அங்கே இருக்கிறது. கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை.

பக்கத்துச் சின்னத் தேவாலயத்தில் ஒரு கல்லறையைத் தேடுங்கள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சர் லூகாஸ் டில்லனும் அவர் மனைவி ஜேன் பாத்தும் கல்லுருவமாக மல்லாந்து படுத்திருப்பார்கள். இருவர் உடலும் தொடாதபடி நடுவே ஒரு வாள். அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘சந்தேகப் புருஷனும் பெண்டாட்டியும்’. கிட்டே குனிந்து பாருங்கள். இருவருக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் குண்டூசிகள் கிடக்கும். உடம்பில் மரு இருப்பவர்கள் ஊசியால் அதைத் தொட்டுவிட்டு இங்கே போட்டால், ஊசி துருப்பிடிக்கப் பிடிக்க மரு உதிர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. நான் கடைசியாகப் போனபோது பழுப்பேறிய ஊசிகளுக்கு நடுவே புத்தம்புதிதாக ஒன்று பளபளத்தது.

திரும்பும்போது ஆற்றின் மறுகரையில் சாலையோரம் ‘எதிரொலி வாயில்’ இருக்கிறது. அங்கே நின்று இடிபாட்டைப் பார்த்துக் கூப்பிட்டால் நம் குரல் தெளிவாகத் திரும்பி வரும். தமிழிலும் வரும், பார்த்துவிட்டேன். அங்கிருந்து ஊருக்குள் நடந்து போக இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், பேருந்தைத் தவறவிட மாட்டீர்கள்.